பச்சை டிக் வைத்த திருக்கை

என் அக்கா மகள் பிரைட்டியின் கல்யாண ஆல்பத்தில் ஊர்சனம் மொத்தமும் பளிச்சென்று இருந்தது. எனக்கு மட்டும் வலது புஜத்தில் சாம்பலைக் கொட்டித் தேய்த்த மாதிரி ஒரு திட்டு. ஒரு படத்தில் என்றால் போனால் போகிறது என்று விடலாம். கோயிலுக்குள் தாலி கட்டும்போது, வெளியே வந்து நிற்கும்போது, பந்தியில் நான் எலும்பைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, எல்லாவற்றிலும் அந்தத் திட்டு கூடவே வந்தது.

போட்டோக்காரரைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தேன். மனிதர் கோபப்படாமல் விளக்கினார். அது அவர் செய்த வேலை இல்லையாம், கேமராவே செய்ததாம். என் கையில் பச்சை குத்தியிருக்கும் மீனுக்கு இப்போது ஒரு சொந்தக்காரர் இருக்கிறாராம். அவரிடம் நான் அனுமதி வாங்கவில்லையாம்.

நான் ஜெசிந்தா. தூத்துக்குடியில் படகு எஞ்சின் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் கடலோரக் காவல் ஏழாம் பட்டாளத்தில் ஹவில்தார். ஏழாம் பட்டாளம் என்று சொன்னால் எங்கள் கரையில் ஒருவருக்கும் தெரியாது. திருக்கைப் பட்டாளம் என்றால் கைக்குழந்தை கூடத் திரும்பிப் பார்க்கும். எங்கள் சின்னம் திருக்கை மீன், வாலைச் சுருட்டித் தூக்கிய திருக்கை. பயிற்சி முடிந்த அன்றே எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து அதைக் கையில் குத்திக்கொண்டோம். அது ரத்தம் கசிந்து, காய்ந்து, என் தோலோடு தோலாகி எத்தனையோ வருஷம் ஆயிற்று. அதற்குத்தான் இப்போது வேறு ஒருவர் சொந்தக்காரர்.

இந்தச் சாம்பல் பூசுகிற சமாசாரத்துக்குக் குறிக்காப்பு என்று பெயர். போலி மருந்தும் போலிப் பால்மாவும் பெருகிப் பிள்ளைகள் செத்த காலத்தில் கொண்டுவந்தார்கள். விற்கிற ஒவ்வொரு கேமராவிலும், போனிலும், கேமரா வைத்த மூக்குக்கண்ணாடியிலும் அது இருந்தாக வேண்டும் என்று சட்டம். பதிவான சின்னத்தை உரிமையுள்ளவர் வைத்திருந்தால், போன் வழியாகப் பார்க்கும்போது அதன் பக்கத்தில் பச்சை டிக் தெரியும். உரிமையில்லாதவர் வைத்திருந்தால் சாம்பல் அப்பிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். நானும் டிக் பார்த்துத்தான் மாத்திரை வாங்கினேன்.

அப்புறம் இன்னொரு சட்டம் வந்தது. அரசாங்கம் கலைத்துவிட்ட இலாகாக்கள், படைகள், பழைய சமஸ்தானங்கள், இவற்றின் சின்னங்களெல்லாம் சும்மா கிடக்கின்றன, பராமரிக்க ஆளில்லை, தனியார் பதிவு செய்து பராமரிக்கட்டும் என்றார்கள். பழைய சுங்க இலாகாவின் முத்திரை பிஸ்கட் பாக்கெட்டுக்குப் போனது. ஏதோ ஒரு குதிரைப்படையின் குதிரை, வீட்டு வாசலில் வந்து கத்துகிற கடன் கம்பெனிக்குப் போனது. நாங்கள் டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அடுத்த வீட்டுக் கூரைதானே எரிகிறது என்ற சிரிப்பு.

எங்கள் பட்டாளத்தைக் கலைத்தபோது ஆளில்லாத ரோந்துப் படகுகள் வந்திருந்தன. அவை தூங்காது, சோறு கேட்காது, லீவு கேட்காது. அது எனக்குப் புரிந்தது. நான் எஞ்சின்காரி, நல்ல எந்திரத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படகால் செய்ய முடியாத ஒரு காரியம் எங்களிடம் இருந்தது. அதுதான் தொப்பி கொடுப்பது.

புயல் வருகிறது, வீட்டை விட்டு வா என்றால் கடற்கரைப் பெண் லேசில் வர மாட்டாள். ஆடு இருக்கும், வலை இருக்கும், போய்த் திரும்புவதற்குள் நம் இடத்தில் எவன் வேலி போட்டிருப்பானோ என்ற பயம் இருக்கும். அந்தப் பயம் வீண் பயமும் இல்லை. நாங்கள் வாதாட மாட்டோம். தலையிலிருந்து தொப்பியைக் கழற்றி அந்த வீட்டு மூத்த பெண்ணின் கையில் கொடுப்போம். உன்னை உன் வாசலில் திரும்பக் கொண்டுவந்து விடும்வரை இது உன்னிடம் அடகு என்று அர்த்தம். தொப்பியில்லாமல் சிப்பாய் அணிவகுப்பில் நிற்க முடியாது. ஆகையால் அவளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டே ஆக வேண்டும். புயல் ஓய்ந்ததும் அவள் தன் வாசற்படியில் நின்று தொப்பியை நீட்டுவாள், நாங்கள் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முகாமுக்குத் திரும்புவோம். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது கிடையாது. என் காலத்தில் ஒரு தொப்பி கூடத் திரும்பாமல் போனதில்லை.

ஆல்பம் பார்த்த அன்றே சுபேதார் செண்பகராமனுக்குப் போன் போட்டேன். அவர் என் படகின் தலைவர், நாகர்கோயில்காரர், எங்களுக்கெல்லாம் சாப். பட்டாளம் கலைந்த பிறகு முன்னாள் வீரர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். நடுக்கடலில் எஞ்சின் நின்று, அலை படகின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஒரு நாள், இடுப்புக் கயிற்றில் என்னைத் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டவர். அப்பாவைச் சின்ன வயதில் கடலுக்குக் கொடுத்த எனக்கு அவர் என்னவாக இருந்தார் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

அவர் நிதானமாகச் சொன்னார். அலையரண் என்று ஒரு பாதுகாப்புக் கம்பெனி சின்னத்தைப் பதிவு செய்திருக்கிறது. சங்கத்தின் சார்பில் ஆட்சேபணை இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் ஜட்டிக் கம்பெனிக்காரன் கொண்டுபோயிருப்பான், கேட்க நாதி இருந்திருக்காது. இவர்களாவது காவல் தொழில் செய்கிறவர்கள், மரியாதை தெரிந்தவர்கள். எனக்கும் சரி என்றுதான் பட்டது. அவர் சொன்னால் எனக்கு எப்போதுமே சரி என்றுதான் படும்.

கொஞ்ச நாளில் குறிக்காப்பு பேச்சுக்கும் வந்தது. போனில் திருக்கை என்று சொன்னால் அந்த இடத்தில் சத்தம் செத்துப்போகும். மீன் ஏலக் கடையில் ஒரே கூத்து. "இன்னைக்கு வரத்து எப்படி" என்று கேட்டால் "சாளை இருக்கு, விளமீன் இருக்கு, பெரிய ... நாலு கெடக்கு" என்று வரும். குழம்புக்கு என்ன வாங்கட்டும் என்று வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்ட புருஷன் ஒருவன், பதிலே கிடைக்காமல் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு போய் அடி வாங்கினான். மீனவர் சங்கம் சண்டை போட்ட பிறகு கம்பெனி பெருந்தன்மையாக மீனுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. மீனைப் பற்றிப் பேசினால் சத்தம் வரும், பட்டாளத்தைப் பற்றிப் பேசினால் வராது. எது எதைப் பற்றிய பேச்சு என்று அந்த எந்திரத்துக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

இதையெல்லாம் நான் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டிருந்தேன், என் அக்கா ஜெத்ரூத்திடமிருந்து அந்தப் போன் வரும்வரை.

அக்கா கூனித்துறையில் இருந்தாள். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு சின்னக் கடற்கரை ஊர், நான் பிறந்த ஊரும் அதுதான். காலையில் கடையில் ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏட்டி ஜெசி, கடல் பொங்கப் போகுதாம். சங்கு ஊதிட்டாவ. நம்ம ... வந்துட்டாவ. தொப்பி குடுத்துட்டாவ. பஸ்ஸுல ஏறப் போறோம். நீ கடைய அடச்சிட்டு மேட்டுக்குப் போயிரு."

என் கடைக்கு எதிரே துறைமுகத்தில் ஒரு சங்கும் ஊதவில்லை. படகுகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. சுனாமி கூனித்துறைக்கு மட்டும் தனியாக வருமா?

"யக்கா, அது திருக்கைப் பட்டாளம் இல்ல. பட்டாளத்தத்தான் கலைச்சாச்சே."

நடுவில் இரண்டு இடத்தில் சத்தம் செத்தது. அக்காவுக்கு என்ன கேட்டதோ. "எது இல்ல? எதக் கலைச்சாச்சு?" என்றாள். நான் சுற்றி வளைத்துச் சொன்னேன். வந்திருக்கிறவர்கள் நம் ஆட்கள் இல்லை, யாரோ வேஷம் போட்டு வந்திருக்கிறார்கள், ஏறாதே.

"என்ன கிறுக்கு மாதிரி பேசுத? கலைச்சவியளத் திரும்பச் சேத்திருக்காவ போல, உங்க சாப்புதான் வந்திருக்காரு. அவரு கையாலதான் எனக்குத் தொப்பி தந்தாரு. இந்தா, என் கையில இருக்கு."

நான் பிரித்த எஞ்சினை அப்படியே போட்டுவிட்டுப் பைக்கை எடுத்தேன். வழியில் வீட்டில் நிறுத்தி, பீரோவிலிருந்து என் பழைய தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. திருக்கை இல்லாமல் போய் நின்றால் யார் கேட்பார்கள் என்று தோன்றியது.

கூனித்துறைக் கோயில் வாசலில் பஸ்கள் வரிசையாக நின்றன. எங்கள் காக்கியை விடக் கொஞ்சம் நல்ல துணியில், எங்கள் சட்டையை விடக் கொஞ்சம் நன்றாகத் தைத்த சீருடையில் ஆட்கள் நின்றார்கள். எல்லோர் தோளிலும் திருக்கை. கடல் சும்மா கிடந்தது. ஜனம் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறியது. சுனாமிக் கடல் வருவதற்கு முன்னால் அப்படித்தான் சும்மா கிடக்கும் என்பது எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும். புயல் என்றால் வானத்தைப் பார்த்துப் பொய் என்று சொல்லியிருப்பார்கள். அதனால்தான் சுனாமி என்று சொல்லியிருக்கிறார்கள்.

பெண்கள் கையில் புதுத் தொப்பிகள் இருந்தன. ஒவ்வொருத்தியும் அதைப் பத்திரமாக மார்போடு பிடித்திருந்தாள்.

நான் கத்தினேன். துறைமுகத்தில் சங்கு ஊதவில்லை, இவர்கள் பட்டாளம் இல்லை, கம்பெனி ஆட்கள், இறங்குங்கள் என்றேன். சிலர் நின்றார்கள். பஸ் படியில் கால் வைத்தவர்கள் இரண்டு பேர் இறங்கக் கூடச் செய்தார்கள். அப்போது கம்பெனி அதிகாரி ஒருவர் என் பக்கத்தில் வந்தார். சின்ன வயது, சாந்தமான குரல். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஜனத்தைப் பார்த்து, "ஆபத்து நேரத்தில் வதந்தி பரப்புகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. யார் உண்மை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் போனை எடுங்கள்" என்றார்.

எல்லோரும் போனைத் தூக்கினார்கள். என் பக்கம் பிடித்தவர்களுக்கு என் தொப்பியில் சாம்பல், என் புஜத்தில் சாம்பல். அவர்கள் பக்கம் பிடித்தவர்களுக்கு வாலைத் தூக்கிய அழகான திருக்கை, பக்கத்தில் பச்சை டிக். போலி மருந்துக்குப் பயந்து பயந்து டிக் பார்த்தே பழகிய ஜனம். பிரைட்டியின் மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் ஏறினாள். இறங்கிய இரண்டு பேரும் திரும்ப ஏறினார்கள்.

செண்பகராமன் சாப் கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். முழுச் சீருடை, மெடல் எல்லாம் குத்தியிருந்தார். நான் அவரிடம் ஓடினேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊர் முழுக்க இறங்கிவிடும். "சாப், சொல்லுங்க" என்றேன். அவர் என் தலையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். பிறகு, "மக்கா, சனங்களப் பயமுறுத்தாத. வழிய விடு" என்றார்.

அக்கா ஜன்னலோரத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

சுனாமி வரவில்லை. அது பயிற்சி ஒத்திகை, வெற்றிகரமாக நடந்தது என்று சாயங்காலம் செய்தி வந்தது. ஜனத்தை உள்நாட்டில் மேலக்காடு என்ற இடத்தில் தகரக் கொட்டகைகளில் இறக்கியிருந்தார்கள். அங்கிருந்து கடல் தெரியாது, காற்றில் உப்பு கூட இருக்காது. அடுத்த வாரம் கூனித்துறையைச் சுற்றிச் சுவர் எழுந்தது. பணக்காரர்களின் உல்லாசப் படகுகளுக்குத் துறை கட்டப்போகிறார்களாம். ஊர்சனம் தாங்களாகவே சம்மதித்து இடம் மாறிவிட்டார்களாம்.

"யார் சம்மதிச்சது?" என்று வழக்கறிஞர் முத்தெழிலிடம் கேட்டேன். மீனவர் சங்கத்துக்காக வாதாடுகிற பெண் அவர். எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"சின்னத்த மட்டும் அவங்க பதிவு பண்ணலம்மா. தொப்பி குடுக்கிறதையும் பதிவு பண்ணியிருக்காங்க. வெளியேற்றத்துக்குச் சம்மதம் வாங்குற முறைன்னு. தொப்பிக்குள்ள ஒரு சில்லு இருக்கு. வீட்டுப் பெரியவங்க கைபட்ட நிமிஷம், இந்த வீடு இடம் மாறச் சம்மதம்னு பதிவாயிடும்."

"அது நாங்க குடுக்கிற வாக்கும்மா. வாங்குறவங்க குடுக்கிறது இல்ல."

"அப்படித்தான் இருந்துச்சு. அதத் திருப்பிப் போட்டுட்டாங்க."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். எங்களுக்குத் தலைப்பாகை வழியாகத்தான் தலைக்கே வந்தது. சின்னத்தை எவனோ எடுத்துக்கொண்டான் என்பதைக் கூடப் பொறுத்துக்கொள்வேன். சின்னம் துணியில் இருக்கிறது, கொடியில் இருக்கிறது, பார்க்கிறவன் எடுக்கலாம். தொப்பிச் சங்கதியை ஒரு கம்பெனிக்காரன் தானாகக் கண்டுபிடித்திருக்க முடியாது. யாரோ அவனை உட்காரவைத்து, எந்தக் கையால் கழற்றுவது, யார் கையில் கொடுப்பது, என்ன சொல்வது என்று சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

அலையரணின் பயிற்சி மைதானம் ஊருக்கு வெளியே இருந்தது. செண்பகராமன் சாப் அங்கே ஒரு அறையில் இருந்தார். கதவில் அவர் பெயரும் பதவியும் பித்தளையில் மின்னின. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார், டீ கொண்டுவரச் சொன்னார். நான் டீயைத் தொடவில்லை.

"தொப்பிச் சங்கதிய ஏன் சொன்னீங்க, சாப்?"

வெளியே மைதானத்தில் யாரோ இடது வலது என்று கவாத்து அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பட்டாளத்தக் கலைச்ச பெறகு எனக்கு ஒரு சல்யூட் கெடையாது மக்கா. ரேஷன் கடையில வரிசையில நிப்பேன், பின்னால நிக்கவன் இடிச்சிட்டுப் போவான். இவங்க வந்தாங்க. சனங்க எதுக்கு உங்களை நம்புனாங்கன்னு கேட்டாங்க. இத்தனை வருஷத்துல ஒரு அதிகாரி எங்கிட்ட அதக் கேட்டதில்ல. எனக்குச் சந்தோஷமா இருந்திச்சு. விடிய விடியச் சொன்னேன்."

"எதுக்குக் கேக்காங்கன்னு தெரியாதா?"

"அப்பம் தெரியாது."

"கூனித்துறையில நின்னப்போ?"

அவர் டீயை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளி வைத்தார். நான் விடவில்லை. திரும்பவும் கேட்டேன். "தெரியும்" என்றார். சத்தம் குறைந்து, ஆனால் தெளிவாக வந்தது.

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கயிற்றில் என்னைத் தன்னோடு கட்டிக்கொண்ட மனிதரை வெறுக்க நான் அன்றைக்குத்தான் ஆரம்பித்தேன். அது எளிதாக இல்லை. இன்னும் முழுசாக வரவில்லை.

வழக்குப் போட்டோம். முத்தெழில் போட்ட கணக்கு நேரானது. ஜனம் கம்பெனிக்குச் சம்மதம் கொடுக்கவில்லை, பட்டாளம் வந்திருக்கிறது என்று நம்பி ஏமாந்தது. ஏமாற்றி வாங்கிய சம்மதம் செல்லாது, அதற்குப் பயன்பட்ட சின்னத்தின் பதிவும் செல்லாது. திருக்கையை நம்பித்தான் ஏறினோம் என்று ஊர்சனம் வந்து சொன்னால் போதும். ஊரில் எல்லோரும் மதிக்கிற ஒரு பெண் வேண்டும் என்றார். என் அக்காவை விட்டால் யார்?

மேலக்காட்டுக்குப் போய்க் கேட்டேன். அக்கா கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அத்தான் வேலையில்லாமல் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கடலுக்குப் போகாத மனிதர் இரண்டு மாதத்தில் கிழவராகிவிட்டார். வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும் என்றேன். "வேற என்னத்தச் சொல்லுவேன்" என்றாள்.

தீர்ப்பாயத்தில் முத்தெழில் கேட்டதற்கெல்லாம் அக்கா ஒழுங்காகப் பதில் சொன்னாள். சங்கு ஊதியது, தொப்பி கொடுத்தது, பஸ்ஸில் ஏறியது. திருக்கையை நம்பித்தான் ஏறினேன் என்றாள். முத்தெழில் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு உயிர் வந்தது.

கம்பெனி வக்கீல் எழுந்தார். வயதானவர். அக்காவுக்கு முதலில் உட்கார நாற்காலி கேட்டு வாங்கிக் கொடுத்தார்.

"அம்மா, அலையரண் அப்படின்னு ஒரு பேரு நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"இங்க வந்துதான் கேக்கேன்."

"அப்போ உங்கள யாரு ஏத்திக்கிட்டுப் போனது?"

"திருக்க."

"யாரு திரும்பக் கொண்டு விடலை?"

"திருக்கதான்."

"இப்ப உங்களுக்கு யார் மேல கோவம்?"

அக்கா யோசிக்கவே இல்லை. "திருக்க மேலதான்யா. வாக்குக் குடுத்துட்டு வீட்டப் புடுங்குன கூட்டம்."

"அந்தத் திருக்கை ஆளுங்க யாராவது இந்த அறையில இருக்காங்களா?"

செண்பகராமன் சாப் கம்பெனி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அக்கா கையை நீட்டி அவரைக் காட்டினாள். காட்டிய கையை இறக்கவில்லை. அப்படியே அறையைச் சுற்றிக் கொண்டுவந்து என்மேல் நிறுத்தினாள்.

"அந்தா இருக்கா, என் தங்கச்சி. அவளும் திருக்கதான்."

வக்கீல் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்கு மேல் அவருக்கு வேலை இல்லை.

தீர்ப்பை முத்தெழில் வராந்தாவில் வைத்து எனக்கு விளக்கினார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு சின்னத்தைப் பார்த்த உடனே மக்கள் நம்பிக் கீழ்ப்படிகிறார்கள் என்றால் அது செல்வாக்குள்ள சின்னம். சாட்சியே அதை நிரூபித்துவிட்டார். ஆகையால் பதிவு உறுதி. பழைய பட்டாளம் வேறு, இப்போது இருப்பது வேறு என்று மக்கள் மனதில் பேதம் இல்லை. ஆகையால் மக்கள் குழம்பி ஏமாந்தார்கள் என்ற வாதம் நிற்காது. சுனாமி என்று சங்கு ஊதியது முன்கூட்டியே அனுமதி வாங்கிய ஒத்திகை, அதில் தவறில்லை. திரும்பக் கொண்டுவந்து விடுவோம் என்ற வாக்கைப் பொறுத்தவரை, அது எங்கும் பதிவாகவில்லை. பதிவாகாத ஒன்று கைமாறவும் முடியாது, கம்பெனியைக் கட்டுப்படுத்தவும் முடியாது.

"காகிதத்துல பாத்தா கம்பெனி பொய் சொல்லலைம்மா" என்றார் முத்தெழில். "அதான் சிக்கல்."

நான் வெளியே வந்தேன். தூறல் போட ஆரம்பித்திருந்தது. அக்கா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட் ஓரம் நின்றிருந்தாள். பஸ் ஸ்டாண்ட் அங்கிருந்து ரொம்ப தூரம், அவளுக்கு முட்டு வலி வேறு. நான் பைக்கை எடுத்து அவள் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"ஏறுக்கா. நான் கொண்டு விடுதேன்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் கூட இல்லை அந்த முகத்தில். கோபம் இருந்திருந்தால் நான் அழுது, அவள் காலைப் பிடித்து ஏதாவது செய்திருப்பேன்.

"வேண்டாம்" என்றாள். "நான் நடந்து போயிக்கிடுதேன்."

மழை வலுத்தது. அவள் திரும்பிப் பார்க்காமல், முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் பைக்கைத் தள்ளிக்கொண்டே அவள் பின்னால் போனேன். ஏறு என்று இன்னொரு தடவை கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.